ஆல்பத்தில் இருக்கும் அந்த வெள்ளைப் பிள்ளை

கடந்த பனிக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, என்னுடைய மனநல சிகிச்சையாளர் அறையின் மூலையில் இருந்த வெறுங்கதிரை ஒன்றைக் காட்டி, அடுத்த முறை வரும்போது என் சின்ன வயதுப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். பன்னிரண்டு வயதுப் படமாக இருந்தால் நல்லதாம். அதை அந்தக் கதிரையில் வைத்து நான் அதோடு கதைக்க வேண்டுமாம். உங்களுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறாள், காயத்தோடு காத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு இப்போது தாயும் நீங்கள்தான் தகப்பனும் நீங்கள்தான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் பீலெஃபெல்டில், மற்றவர் ஹனோவரில். அந்த இரண்டு பேரையும் சமாளிக்கவே போதும் போதும் என்றிருக்கிறது. இதில் மூன்றாவதாக ஒரு பிள்ளையையும் என் தலையில் கட்டினால் நான் எங்கே போவேன்?

காத்திருப்பதைப் பற்றியும் எனக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அந்த அறைக்குள் நுழைவதற்கே நான் பதினொரு மாதம் காத்திருந்தேன். ஒரு டெர்மினுக்காக, சந்திக்க ஒரு நேரம் வாங்குவதற்காக, எத்தனையோ இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லா இடத்திலும் பதிவு செய்த குரல், செவ்வாய் எட்டே முக்கால் முதல் ஒன்பது மணிக்குள் எடுங்கள் என்று சொல்லும். எடுத்தால் வேறு யாரோ கதைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு காப்புறுதிக்கு ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம். அதில் ‘உங்கள் பிரச்சினையைச் சுருக்கமாக எழுதவும்’ என்று மூன்று வரிக்கு ஒரு பெட்டி. நான் கறுப்புப் பெண், வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள், ஒரு பெண்ணோடு வாழ்கிறவள், இந்த நாட்டிலேயே பிறந்தும் எங்கே இருந்து வருகிறாய் என்று தினமும் கேட்கப்படுகிறவள் என்று எழுத மூன்று வரி எங்கே காணும்? ‘நித்திரை வருவதில்லை’ என்று எழுதினேன். உடனே அனுமதி வந்துவிட்டது.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் கதை விளங்காது. அம்மா யாழ்ப்பாணம். அப்பா கானா. இருவரும் பீலெஃபெல்டில் அகதிகள் விடுதி ஒன்றின் சமையலறையில், ஒரே அடுப்புக்கு வரிசையில் நின்று பழகியவர்கள். இரண்டு பேருக்கும் அப்போது பொதுவாக இருந்தது உறைப்பு மட்டும்தான் என்று அப்பா சொல்லுவார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அந்த உறைப்பும் போதாமல் போய்விட்டது. அப்பாவுக்கு ஹனோவரில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது, போய்விட்டார். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சோற்றுக்கு எவ்வளவு உப்புப் போடுவது என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர், களைத்துப்போய்ப் பிரிந்தார்கள்.

நான் அம்மாவோடு வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை கோயில், சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, எல்லாம் ஒழுங்காக நடந்தது. நிறம் மட்டும் அப்பாவின் நிறம், முடியும் அப்பாவின் முடி. தமிழ்க் கடைக்குப் போனால் கடைக்காரர் என்னோடு ஜெர்மனில் கதைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் “உது ஆற்றை பிள்ளை?” என்று தமிழில் கேட்பார். “என்ரை அம்மான்ரை பிள்ளைதான் அங்கிள், கறிவேப்பிலை இருக்கோ?” என்று நான் கேட்டால் கடை முழுக்கச் சிரிப்பு. “என்ன வடிவாத் தமிழ் கதைக்குது!” பத்து வயதிலும் அதே பாராட்டு, முப்பத்துநான்கு வயதிலும் அதே பாராட்டு. இரண்டு பக்கமும் ஒரு முன்னேற்றமும் இல்லை.

இப்போது நான் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிறேன். மதுரையில் இருந்து கணினி வேலைக்கு வந்த ஒருத்தியோடு ஆறு வருடமாக வாழ்கிறேன். இருவரும் சில நேரம் குயர் ஆட்களின் சந்திப்புகளுக்குப் போவோம். அங்கே என் முடியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்காமலே தொட்டார்கள், ஆகவே இதை வளர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா தொலைபேசியில் இவளை “உன்ரை சிநேகிதி” என்பார். ஆறு வருடமாகச் சிநேகிதி. ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே வாடகை ஒப்பந்தம், ஆனால் சிநேகிதி.

சரி, படத்துக்கு வருகிறேன். பத்து வயது வரைக்கும் என் படங்கள் நிறைய இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வகுப்புப் படம் எடுக்கும் நாளில் எல்லாம் எனக்குச் சொல்லி வைத்தாற்போல வயிற்றுக்குத்து வந்துவிடும். கமராவைக் கண்டால் கழிப்பறைக்குள் ஓடிவிடுவேன். பன்னிரண்டு வயதில் நான் இருந்ததற்குச் சாட்சியாக இருப்பது ஒன்றே ஒன்று, என்னுடைய சாமத்திய வீட்டு ஆல்பம்.

பிள்ளை பெரியபிள்ளையானால் எங்களுடைய ஆட்கள் இந்த நாட்டில் அதைக் கல்யாணம் போலவே செய்வார்கள். மண்டபம், மேடை, மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரை, நான்கு முறை உடுப்பு மாற்றம், ஆராத்தி, தட்டுத் தூக்கிவரப் பெண் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலே படம். ஆல்பத்தை இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டும். உள்ளே நான் அருவிக்கு முன்னால் நிற்பேன், அன்னத்துக்குப் பக்கத்தில் இருப்பேன், ஒரு பக்கத்தில் நிலவுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பேன். அதெல்லாம் எல்லாப் பிள்ளைகளின் ஆல்பத்திலும் இருப்பதுதான். என்னுடையதில் விசேஷம் என்னவென்றால், அதில் நான் கறுப்பாக இல்லை. முகம், கழுத்து, கை எல்லாம் கடலை மா நிறம். அம்மாவைவிட ஒரு படி வெள்ளை.

அதை முதல் தடவை பார்த்தபோது மதுரைக்காரி, “ஹேய், யார் இது? உன் கஸினா?” என்றாள். நான்தான் என்றதும் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். “ஆமா, இந்தக் காது மட்டும் நீதான்” என்றாள். அப்போதுதான் நானும் கவனித்தேன். அட்டைப் படத்தில் இடது காதைத் திருத்த மறந்துவிட்டார்கள். அது மட்டும் என் நிறத்தில், கடலை மா முகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

வேறு வழியில்லாமல் அந்த ஆல்பத்தைத்தான் சிகிச்சையாளரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது உங்கள் தங்கையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவருடைய முகம் மாறியது. அந்த ஐம்பது நிமிடமும் அதிலேயே போய்விட்டது. கதிரையில் அந்த வெள்ளைப் பிள்ளையை வைத்துப் பார்த்தோம். முன்பின் தெரியாத பிள்ளையோடு என்ன கதைப்பது? காதோடு கதைக்கவா? கடைசியில் அவர், “இதைச் செய்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் என் முகத்தில் பூசியவர் வேறு யார்?

அம்மாவிடம் போவதற்கு முன் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பன்னிரண்டு வயதுப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். நாங்கள் இருவரும் ஜெர்மனில்தான் கதைப்போம், தமிழில் அவருக்குச் சரியாக வரும் ஒரே சொல் ‘பிள்ளை’. பன்னிரண்டா என்று அவர் திரும்பக் கேட்டார். பிறகு, “உனக்குப் பிடித்த படம் ஒன்றும் என்னிடம் இல்லை, பிள்ளை” என்றார். எனக்குச் சலிப்பாக இருந்தது. அப்பா எதையும் வைத்திருக்கிற ஆள் இல்லை. அவருடைய சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் ஒரு ஆணி இருக்கிறது, வருடக்கணக்காக வெறும் ஆணிதான். ஒரு கலண்டரையாவது மாட்டுங்கள் என்று போகும்போதெல்லாம் நக்கலடிப்பேன். அடுத்த முறை மாட்டுகிறேன் என்பார். அப்படிப்பட்டவரிடம் படத்தைக் கேட்டது என் பிழை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமையே பீலெஃபெல்டுக்குப் போனேன். அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். ஆல்பத்தை அவருக்கு முன்னால், வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போட்டேன். ரயிலில் வரும்போதே எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தேன், ஆகவே கடகடவென்று வந்தது. என் நிறம் உங்களுக்கு அவ்வளவு வெட்கமா, பெற்ற பிள்ளையை அழித்துவிட்டு வேறு பிள்ளையை ஒட்டி வைத்திருக்கிறீர்களே, இருபத்திரண்டு வருடமாக இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினீர்களே என்று கத்தினேன்.

அம்மா கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“ஓம், நான்தான் செய்விச்சனான். இப்ப என்ன?”

“என்னவோ? எனக்கு என்ரை முகம் வேணும். திருத்தாத படம் எங்கை?”

“அது எனக்குத் தெரியாது. சாப்பிட்டிட்டுக் கத்து.”

ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு விளக்கம் இல்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாப்பிடாமலே வெளியே போனேன். படம் எடுத்த அங்கிளின் வீடு இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி இருந்தது. அவர் இப்போது படம் எடுப்பதில்லை, மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் செய்கிறார். நான் போனபோது கராஜில் நின்று ஒரு பெரிய பிளாஸ்டிக் மயிலின் தோகையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுவிட்டார். என்னைக் கண்டுபிடிப்பது எப்போதும் சுலபம்.

“அந்த நேரத்து ஒறிஜினல் எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சுது பிள்ளை. கொம்ப்யூட்டரே பழுதாப் போச்சு,” என்றார். பிறகு தோகையைத் துடைத்தபடியே, “உம்மடை ஆல்பத்தை மறக்கேலாது. ரெண்டு கிழமை இருந்து திருத்தினனான். அப்ப உந்த வேலையெல்லாம் எனக்கும் புதுசு,” என்றார்.

“அம்மா கேட்டா நீங்கள் உடனை செய்து குடுக்கிறதோ அங்கிள்?” என்றேன். என் குரல் ஏறியிருக்க வேண்டும்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கொம்மா எங்கை கேட்டவ? நீர்தானே வந்து கேட்டனீர்.”

மயிலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் நின்றபடியே கேட்டேன். பள்ளிக்கூடப் பையோடு தனியாக அவருடைய ஸ்டூடியோவுக்கு வந்தேனாம். ஆல்பத்துக்குத் தெரிவு செய்வதற்காக அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்ட சின்னப் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்தேனாம். “‘அங்கிள், என்னை அம்மான்ரை நிறத்துக்குக் கொண்டுவரேலுமோ?’ எண்டு கேட்டனீர். நான் கொம்மாவைக் கேக்கவேணும் எண்டன். ‘அம்மாதான் சொல்லிவிட்டவ’ எண்டனீர். நான் நம்பீட்டன்.”

ஆல்பம் முடிந்ததும் அம்மா வாங்க வந்திருக்கிறார். திறந்து பார்த்துவிட்டு, “இது என்ரை பிள்ளை இல்லை” என்று மேசையில் தூக்கிப் போட்டாராம். ஸ்டூடியோவே அதிரும்படி கத்தினாராம். “நான் சொன்னன், ‘அக்கா, நீங்கள்தானே பிள்ளையிட்டைச் சொல்லிவிட்டனீங்கள்’ எண்டு. அவ ஆல்பத்தை ஒருக்காத் திருப்பித் திறந்து பாத்தா. பிறகு, ‘ஓம், நான்தான் சொன்னனான். மறந்து போனன்’ எண்டு சொல்லி, ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவ. அப்பதான் எனக்கும் விளங்கினது.”

நான் போகத் திரும்பினேன். அவர் பின்னால் இருந்து, “இன்னொண்டும் சொன்னனீர்,” என்றார். “கொப்பர் நிண்ட படங்களை வேறையா எடுத்து வைச்சிட்டு, ‘இது ஒண்டும் ஆல்பத்திலை வேண்டாம்’ எண்டனீர். அதுகளை நான் திருத்தேல்லை. கொம்மா அண்டைக்கு அதுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனவ.”

இதையெல்லாம் மறந்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். மறக்கவில்லை, எடுக்க முடியாத இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். டிராம் நிறுத்தத்தில் நிற்கும்போது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. என்னோடு தமிழ்ப் பாடசாலையில் படித்த ஒரு பிள்ளை இருந்தாள். சாமத்திய வீட்டில் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நடந்தவள். சனிக்கிழமைகளில் அவளுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடிப்பதற்காகவே நான் அரை மணி நேரம் முன்னதாகப் போவேன். அது என்ன விருப்பம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவளோடு நிற்கும் படம் வருமா வருமா என்று மூன்று கிழமை பார்த்திருந்தேன். படங்கள் வந்த அன்று அவளையே வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இதிலை உன்னைக் காணேல்லையடி. பல்லு மட்டும்தான் நிக்குது!”

அவள் கெட்ட பிள்ளை இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். அவளுடைய வெள்ளைக்கும் மேடை வெளிச்சத்துக்கும் ஏற்ப எடுத்த படத்தில் நான் இருட்டாகத்தான் இருந்தேன். எனக்கு அவளுக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். அதற்காக அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூடியோவுக்குப் போனேன். நான் வெள்ளையானால் அப்பா எப்படிப் பொருந்துவார்? ஆகவே அவரையும் விலத்தினேன். பன்னிரண்டு வயதில் எவ்வளவு நேர்த்தியாக யோசித்திருக்கிறேன்!

அம்மாவின் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அவர் சாப்பாட்டுப் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்.

“ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்றேன்.

“என்ன பொய்?”

“நீங்கள்தான் செய்விச்சது எண்டு. அங்கிளுக்கும் சொல்லியிருக்கிறியள், காலமை எனக்கும் சொன்னனீங்கள்.”

அம்மா மூடியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். “ஆரோ ஒராள் எண்டு சொல்லத்தானே வேணும். அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. விடு.”

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குள் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நான் சொல்ல வேண்டும் என்று ஒரு படித்த மனுஷி கிழமைக்கணக்கில் என்னோடு மல்லுக்கட்டிய வசனம் அது. அம்மா அதைப் பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்று நினைக்காதீர்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. கோபப்படுவதற்கென்று இத்தனை வருடம் ஒருவரை வைத்திருந்தேன், அவரையும் பறித்துவிட்டார்கள். இனி நான் யாரோடு கோபிப்பது? கஸ்தூரி மஞ்சள் பூசியதும் அவர்தான், இந்தப் பழியைத் தூக்கிச் சுமந்ததும் அவர்தான். ஒரே ஆளை எப்படி இரண்டு விதமாக வைத்துக்கொள்வது?

“அப்பாவோடை நிண்ட படங்கள் எங்கை?” என்று கேட்டேன்.

“கொப்பரைக் கேள்,” என்றார். பிறகு இரண்டு பெட்டிகளை என் பைக்குள் வைத்தார். “சின்னப் பெட்டி உன்ரை சிநேகிதிக்கு. அதுக்கு உறைப்புக் குறைச்சுப் போட்டிருக்கிறன், அவவுக்கு ஏலாது.” எவ்வளவு மிளகாய்த்தூள் அவளுக்குத் தாங்கும் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறார். யார் என்று சொல்ல மட்டும் வாய் வராது. இந்தப் பெண்மணியை நான் என்ன செய்ய?

அப்பாவைக் கேட்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என்ன முகத்தோடு கேட்பது? உங்களை ஆல்பத்தில் இருந்து எடுத்தது நான்தான், அந்தப் படங்களைத் தாருங்கள், எனக்குச் சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது என்றா? நேரே கார்ல்ஸ்ரூஹேக்குப் போய்ச் சேர்வதுதான் திட்டம். ஹனோவரில் ரயில் மாற வேண்டும். மாறுவதற்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நான் வந்த ரயில் இருபத்தைந்து நிமிடம் பிந்தியது. அடுத்த ரயில் ரத்து. அதற்கு அடுத்தது வரும் என்று பலகையில் போட்டார்கள், பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். தகவல் மேசைக்கு முன்னால் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். ஆல்பம் கையை முறித்தது. மாலை ஆறு மணி, நல்ல குளிர். அப்பாவின் வீடு நிலத்தடி ரயிலில் ஏழு நிமிடம். சொல்லாமல் கொள்ளாமல் நான் அங்கே ஒருநாளும் போனதில்லை.

கதவைத் திறந்த அப்பா என்னைக் கண்டதும் சந்தோஷப்படுவதற்கு முன்னால் திடுக்கிட்டார். “ஒரு போன் எடுத்திருக்கலாமே, பிள்ளை,” என்றார். வாசலிலேயே நின்றார். “உள்ளே ஒரே குப்பையாக இருக்கிறது. ஒரு நிமிடம் இரு.” எனக்குக் குளிர்ந்தது, பசித்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அவரைத் தள்ளாத குறையாக உள்ளே போய்ப் பைகளைச் சமையலறையில் வைத்தேன்.

ஆணியில் ஒரு படம் தொங்கியது.

கண்ணாடிச் சட்டம் போட்ட படம். சாமத்திய வீட்டு அன்று காலை, மண்டபத்துக்குப் போவதற்கு முன், எங்கள் வீட்டு பால்கனியில் அங்கிள் வெளிச்சம் பார்ப்பதற்காக எடுத்தது. தலைக்குத் தண்ணீர் வார்த்து முடிந்து, என் முடி ஈரத்தோடு சுருண்டு நிற்கிறது. முகத்தில் பவுடர் இல்லை, பொட்டுக்கூட இல்லை. அன்றைக்கென்று ஹனோவரில் இருந்து வந்த அப்பா கோட்டும் டையும் போட்டு நிற்கிறார், நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு எதற்கோ வாய் விட்டுச் சிரிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே காது.

அப்பா எனக்கு முன்னால் கையை நீட்டி அதைக் கழற்றப் போனார். பழக்கத்தில் செய்வதுபோலச் செய்தார்.

“விடுங்கள்,” என்றேன். “எவ்வளவு காலமாக இது இங்கே இருக்கிறது?”

“எப்போதும்.”

“நான் வரும்போது ஒருநாளும் இருந்ததில்லையே.”

“நீ வருகிறாய் என்றால் கழற்றி வைப்பேன். நீ போனதும் மாட்டுவேன்,” என்றார். “உனக்கு அது பிடிக்காது என்று உன் அம்மா தரும்போதே சொன்னாள்.”

எனக்கு அழுகை வந்தது. அழும்போதும் கோபம் போகவில்லை. ஏன் என்னை ஒருநாளும் ஏசவில்லை, தகப்பனைப் படத்தில் இருந்து வெட்டிய பிள்ளையை இழுத்து வைத்து இரண்டு அறை அறைந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டே, “உனக்குப் பன்னிரண்டு வயது,” என்றார். உப்பில் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போயிருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

அம்மாவின் சாப்பாட்டைச் சூடாக்கினோம். அவர் சின்னப் பெட்டியைச் சாப்பிட்டுவிட்டு, உன் அம்மாவுக்கு வயதாகிவிட்டது, உறைப்பே இல்லை என்றார். அப்போதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டூடியோ, பழத்தட்டுக்காரி, அவளுடைய சிரிப்பு. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் யாருக்கும் சொன்னதில்லை, மதுரைக்காரிக்குக்கூட. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வடிவான பிள்ளையா?” என்றார்.

“ஓம்,” என்றேன், தமிழில்.

அவர் பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

போகும்போது படத்தை இரவல் கேட்டேன், அடுத்த செவ்வாய்க்கிழமை கதிரையில் வைக்க வேண்டும் என்றேன். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். “நீ எறிந்த படம். இப்போது அது என்னுடையது. வேண்டுமென்றால் கைபேசியில் எடுத்துக்கொண்டு போ.” எவ்வளவு கேட்டும் தரவில்லை. மனுஷனுக்கு எங்கே இருந்து இந்தப் பிடிவாதம் வந்தது என்று தெரியவில்லை, எனக்கு எங்கே இருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கைபேசியைக் கதிரையில் சாய்த்து வைத்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறை திரை அணைந்துபோனது. எழுந்து போய்த் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்து வாயைத் திறப்பேன், திரும்ப அணையும். சிகிச்சையாளர், உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். எரிச்சல் நடக்கிறது என்றேன். ஆனால் நான்காவது தடவை தட்டப் போனபோது அந்தப் பிள்ளையிடம், “பொறும், வாறன்,” என்று சொன்னேன். அவ்வளவுதான் கதைத்தேன். அது கணக்கில் சேருமா என்று அவரிடம் கேட்டேன், சேரும் என்றார்.

அடுத்த மாதம் ஹனோவருக்குப் போனேன். மதுரைக்காரியும் வந்தாள். இந்த முறை இரண்டு நாளைக்கு முன்பே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்பா கதவைத் திறந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். படம் ஆணியில் இருந்தது.